ஏழு மணி மிஸ்டு கால்

என் பழைய போனைக் கொன்றது உப்பு. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மரக்காணத்துக் காற்றில் சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி, பீரோ பூட்டு எல்லாமே அப்படித்தான் போகின்றன. உப்பளத்துக்கு வேலைக்குப் போகும்போது போனை மாவு பாக்கெட் கவரில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, சோற்றுப் பையின் அடியில் வைத்திருப்பேன். அப்படியும் சார்ஜ் போடும் ஓட்டையில் பச்சையாகப் பூத்துவிட்டது. ஒரு வாரம் ஒயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்து சார்ஜ் ஏற்றினேன். நாள் முழுக்க உப்புக் கூடை சுமந்துவிட்டு வந்து, வீட்டில் போனுக்கும் ஊழியம். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அது கண்ணைத் திறக்கவே இல்லை.

என் புலம்பலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மகள், அன்று மாலை புதுப் போனோடு வந்து இறங்கினாள். அவள் குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்க்கிறாள். சனி, ஞாயிறு அங்கே கூட்டம் அதிகம் என்பதால் அவளுக்குப் புதன்கிழமைதான் லீவு. செவ்வாய் மாலை வந்தால் வியாழன் காலை கிளம்பிவிடுவாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மற்ற நாட்களில் நான் மட்டும்.

நல்ல போன்தான். ஆனால் பெரியது, என் கைக்கு அடங்கவில்லை. பின்பக்கம் சோப்புக் கட்டி மாதிரி வழுக்கியது. முதலில் என் விரல் ரேகையைக் கேட்டது. வைத்தேன். விரலைத் துடைத்துவிட்டு வை என்றது. துடைத்துவிட்டு வைத்தேன். மறுபடியும் துடை என்றது. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு மகளே சோர்ந்துபோனாள். இருபத்திரண்டு வருஷம் உப்பு அள்ளிய விரலில் ரேகைக்கு எங்கே போவது? ரேஷன் கடையிலும் எனக்கு இதே கதைதான். சரி, முகத்தைக் காட்டு என்றாள். முகத்தைக் காட்டினால், அதில் தெரிந்தவள் நான் இல்லை. வெள்ளை வெளேரென்று, சுருக்கமே இல்லாமல் யாரோ ஒருத்தி.

"இது யாருடி?" என்றேன்.

"நீதாம்மா. அதுவே கொஞ்சம் அழகா காட்டும்."

"எம் மூஞ்சிய எனக்கே தெரியாம பண்ணிட்டு, அப்பறம் இதுவே எப்படி அடையாளம் கண்டுபிடிக்கும்?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. கடைசியில் நாலு எண் கொண்ட பூட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். பழைய போனில் இருந்த நம்பர்கள் அதோடு போய்விட்டன. தன் போனில் இருந்த சொந்தக்காரர்கள் நம்பரை மட்டும் இதில் ஏற்றினாள். லோன் வேணுமா, பரிசு விழுந்திருக்கிறது என்று கண்டவனெல்லாம் கூப்பிட்டு என் உயிரை எடுக்கிறான் என்று முன்பு அவளிடம் சொல்லியிருந்தேன். அதற்கும் எதையோ அழுத்தினாள். "இனிமே அந்த மாதிரி கால் எதுவும் ஒனக்கு வராதும்மா. சத்தமே கேக்காது" என்றாள். அது ஒன்றுதான் அந்தப் போனில் எனக்கு உடனே பிடித்தது.

இங்கே எங்கள் மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் செட்டில் இருபது பெண்கள். ஆண்கள் பாத்தியில் உப்பை வாரிப்போட, நாங்கள் கூடையில் சுமந்துபோய் வரப்போரம் குவிப்போம். எங்களுக்கு மேஸ்திரி ஒரு அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். முட்டி போன பிறகு கூடையை இறக்கிவைத்துவிட்டு, குவியல் பக்கத்தில் நின்று ஆட்களை விரட்டும் வேலைக்கு வந்தவள். மறுநாள் வேலை உண்டா இல்லையா என்பதை அவள் மிஸ்டு காலில்தான் சொல்வாள். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு ரிங் வந்தால் நாளைக்கு வேலை. இரண்டு முறை வந்தால் லாரி வருகிறது, சீக்கிரம் வா. ஒன்றும் வராவிட்டால் வேலை கிடையாது. யாரும் எடுத்துப் பேசக் கூடாது, பேசினால் அவளுக்குக் காசு போகும். இப்போது யாருக்கும் பேசக் காசு போவதில்லை. ஆனாலும் பழக்கம் பழக்கம்தான். இருபது பேருக்கும் வரிசையாக ஒரு ரிங் விட்டு வெட்டிக்கொண்டே போவாள். அவள் நம்பர் என்ன என்று எனக்குத் தெரியாது. ஏழு மணிச் சத்தம்தான் தெரியும்.

புதுப் போன் வந்த அதே செவ்வாய்க்கிழமை மத்தியானம் எனக்கும் அவளுக்கும் வாய்ச் சண்டை. டீ குடித்த பிறகு எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நான் எழவில்லை. கழுத்து நரம்பு இழுத்துப் பிடித்திருந்தது. "மகாராணிக்கு இன்னும் நெழல் வேணுமாம்" என்று அத்தனை பேர் முன்னால் சத்தம் போட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"கூடை தூக்குறவளுக்குத்தான் கழுத்து வலி தெரியும். சும்மா நிக்கிறவளுக்கு என்னா தெரியும்?" என்று சொல்லிவிட்டேன்.

அவள் பதில் பேசவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. அவள் பதில் பேசாமல் விட்டு நான் பார்த்ததில்லை.

அன்று மாலை ஏழு மணிக்குப் போன் அடிக்கவில்லை. புதன்கிழமை வேலை இல்லை போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். மகளும் வீட்டில் இருந்ததால் நிம்மதியாகத் தூங்கினேன். புதன் மாலையும் அடிக்கவில்லை. வியாழன் காலை மகளை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது பார்த்தேன், எங்கள் செட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோ அளத்துப் பக்கம் போனது. வேலை இருக்கிறது. எனக்குத்தான் இல்லை.

புரிந்துவிட்டது. ஒரு வார்த்தைக்காக என்னைக் கழற்றிவிட்டாள். எங்கள் தெருவில் அந்த செட்டுக்குப் போகிறவள் நான் ஒருத்திதான், பேச்சுவாக்கில் விசாரிக்கவும் ஆள் இல்லை. நேராக அவள் வீட்டுக்குப் போயிருக்கலாம், ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். போகவில்லை. கூப்பிடாதவள் வாசலில் போய் நிற்பதா என்ற வீறாப்பு. வீறாப்புக்கு மட்டும் எப்போதும் தெம்பு இருக்கிறது, என்ன செய்ய. ஆனாலும் ஒவ்வொரு நாளும் ஆறரை மணிக்கே போனைக் கையில் எடுத்துவிடுவேன். அது பளபளவென்று வெளிச்சம் காட்டும். இன்று இத்தனை அடி நடந்தாய் என்று சொல்லும். நான் வீட்டுக்கும் குழாயடிக்கும் நடந்ததைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் நடக்கலாமே என்று யோசனை வேறு சொல்லும். எரிச்சலாக வந்தது. ஏழரை ஆனதும் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

பணத்தைவிட வேறொன்று என்னை அரித்தது. கூடை வரிசையில் அவரவருக்கு ஓர் இடம் உண்டு. முன்னால் போகிறவள் நடை, பின்னால் வருகிறவள் மூச்சு எல்லாம் பழகிப்போயிருக்கும். என் இடம் கடைசி. அதில் வேறு ஒருத்தி வந்துவிட்டால் சீசன் முடியும்வரை அது அவளுடையதுதான். இந்த வயதில் வேறு செட்டில் போய் யாருக்குப் பின்னால் நிற்பேன்?

திங்கட்கிழமை கடைத்தெருவில் செட்டுப் பெண் ஒருத்தி எதிரே வந்தாள். "ஏங்க்கா வேலைக்கு வர்றதில்ல?" என்று கேட்டாள். தெரிந்துகொண்டே குத்துகிறாள் என்று நினைத்தேன்.

"எம் பொண்ணு போதும்னு சொல்லிட்டா. இனிமே வர மாட்டேன்" என்றேன்.

பொய். உப்பைத் தின்றால் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும்.

செவ்வாய் மாலை மகள் வந்தாள். பை வைத்த கையோடு என் போனை எடுத்து, இதைத் துடைக்கிறேன் அதைத் துடைக்கிறேன் என்று நோண்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "ஏம்மா, இது யாரு? தெனமும் ஏழு மணிக்கு ஒருத்தன் ஒன்ன ஏமாத்தப் பாத்திருக்கான்" என்றாள்.

சிவப்பு எழுத்தில் ஒரே நம்பர் வரிசையாக நின்றது. மோசடி அழைப்பாக இருக்கலாம் என்று பக்கத்தில் எச்சரிக்கை. போன செவ்வாய் ஏழு மணி. புதன் ஏழு மணி. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. மேஸ்திரி அக்கா நம்பராகத்தான் இருக்கும் என்றேன். மகள்தான் விளக்கினாள். தினமும் இருபது பேருக்கு ரிங் விட்டு ரிங் விட்டு வெட்டுகிற நம்பரைப் போன் திருட்டு நம்பர் என்று முடிவு கட்டிவிடுமாம். பழைய போனில் பெயர் போட்டு வைத்திருந்தோம். இதில் பெயர் இல்லை. அதனால் சத்தமும் இல்லாமல், திரையிலும் காட்டாமல் ஒதுக்கி வைத்துவிட்டது. யோக்கியமான போன், சொன்ன வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

"திங்கக்கெழமை மட்டும் மூணு தடவை அடிச்சிருக்கு. அப்பல்லாம் வெட்டல, ரொம்ப நேரம் அடிச்சிருக்கு பாரு" என்றாள்.

திங்கட்கிழமை. கடைத்தெருவில் நான் சொன்ன பொய் மேஸ்திரி அக்கா காதுக்குப் போன மாலை.

உடனே அந்த நம்பருக்குப் போட்டுப் பேசியிருக்கலாம். என்னவென்று பேசுவது? புதன்கிழமை விடிந்ததும் சோற்றுப் பையை எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போனேன். வரப்பில் ஏறியதும் கூடை வரிசை தெரிந்தது. என் கண் நேராகக் கடைசி இடத்துக்குத்தான் போனது. அங்கே ஒருத்தி இருந்தாள். சரி, முடிந்தது என்று நினைத்தேன். திரும்பிவிடலாம் என்று காலை எடுத்தபோதுதான் அந்த நடையைப் பார்த்தேன். இடது காலை ஊன்ற முடியாமல் இழுத்து இழுத்து வரும் நடை.

மேஸ்திரி அக்கா.

கூடையோடு என் எதிரே வந்து நின்றாள். உப்புத் தண்ணீர் ஒழுகி முகமெல்லாம் வெளுத்திருந்தது. "என்னாடி, பொண்ணு போதும்னுட்டாளாமே?" என்றாள்.

போன் கதையைச் சொன்னேன். ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. திருட்டு நம்பர், சிவப்பு எழுத்து என்று உளறினேன். அவளுக்குப் பாதி புரிந்திருக்கும்.

"ஏங்க்கா நீ தூக்குற?"

"எடம் காலியா இருந்தா ஓனர் வேற ஆளப் போடச் சொல்லுவாரு. ஆள் இருக்குதுன்னு சொல்லிட்டேன். சொன்னா தூக்க வேணாமா?" என்றவள், கொஞ்சம் பொறுத்து, "கழுத்து வலிக்கத்தான்டி செய்யுது. நீ சொன்னது நெஜந்தான். வாங்கு" என்று தலையைச் சாய்த்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கூடையை வாங்கினேன். அவள் சும்மாட்டுத் துணியையே என் தலையில் வைத்துக்கொண்டேன். அது நனைந்து சூடாக இருந்தது.

அன்று மாலை மகள் அந்த நம்பருக்குப் பெயர் போட்டுக் கொடுத்தாள். ஏழு மணிக்குப் போன் அடித்தது. ஒரு ரிங் முடிவதற்குள் எடுத்துவிட்டேன்.

"ஏண்டி எடுத்த? காசு போவும்" என்றாள்.

"முட்டிக்கு எண்ணெ தேச்சியாக்கா?"

"தேக்கணும். வை, வை, இன்னும் பத்தொம்பது பேருக்கு அடிக்கணும்" என்றாள். ஆனால் அவளும் வைக்கவில்லை.