ஏறாமல் நின்றவளின் வாக்குமூலம்

இருபத்திரண்டு வருடமாக அந்த அலுவலகத்தில் அவளுக்கு டைப்பிஸ்ட் அம்மா என்றுதான் பெயர். தட்டச்சு இயந்திரம் போய்க் கம்ப்யூட்டர் வந்து வெகுகாலமாகியும் பெயர் மாறவில்லை. சிறிய விமானங்கள் விழுந்தால் ஏன் விழுந்தன என்று விசாரிக்கிற அலுவலகம் அது. பெரிய விமானங்களுக்கு மேல்மாடியில் வேறு ஆட்கள் இருந்தார்கள், அவர்களுக்கு ஏ.சி. உண்டு. கீழ்த்தளத்துக்கு வந்தவை எல்லாம் தனியார் விமானங்கள். ஒற்றை எஞ்சின், நான்கு இருக்கை, ஓட்டுபவருக்கு வாரநாட்களில் வேறு ஏதாவது தொழில். ஆய்வாளர்கள் விழுந்த இடத்துக்குப் போய்ப் பார்த்து, கோழிக் கிறுக்கலாக எழுதிக்கொண்டு வருவார்கள். அதை மனிதர் படிக்கிற மாதிரி ஆக்குவது அவள் வேலை.

அவள் கை வழியாக முந்நூறு விமானங்களாவது விழுந்திருக்கும். அப்போது வரை அவள் ஒன்றில்கூட ஏறியதில்லை. ஆனால் மூன்றாம் பக்கம் வருவதற்குள் காரணம் தெரிந்துவிடும். 'திங்கட்கிழமை காலை அவருக்கு முக்கியமான வேலை இருந்தது' என்று வந்தால், மேகத்துக்குள் நுழைந்திருப்பார். மச்சினன் குடும்பமும் கூட வந்தது என்றால், பாரம். 'தன் வீட்டை நண்பர்களுக்குக் காட்டுவதற்காகத் தாழப் பறந்து' என்று வந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டியதே இல்லை. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்காதவர்கள், ஓடுபாதையைத் தாண்டிவிட்டு வெடுக்கென்று திருப்பியவர்கள், நிறுத்தி வைத்திருந்தபோது ஸ்டியரிங்கில் போட்ட பூட்டைக் கழற்ற மறந்தே கிளம்பியவர்கள் என்று மற்றவர்கள். எஞ்சின் தானாக உடைந்தது என்பது எப்போதாவதுதான் வரும். அந்த அறிக்கையை அடிக்கும்போது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை.

ஒருமுறை ஒரு அறிக்கையின் ஓரத்தில் பென்சிலால் 'பெட்ரோல்?' என்று எழுதி, அழிக்க மறந்துவிட்டாள். தலைமை ஆய்வாளர் அதில் எஞ்சின் கோளாறு என்று முடித்திருந்தார். அவர் ஓரத்தைப் பார்த்தார், வண்டியை எடுத்துக்கொண்டு போனார், மறுநாள் திரும்பி வந்தார். டாங்க் காய்ந்து கிடந்ததாம். அவள் மேஜையில் ஒரு புதிய பென்சிலை வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். நன்றி சொல்கிற ரகம் இல்லை அவர்.

அவளுடைய அண்ணன் பல் டாக்டர். ஐம்பது வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஐம்பத்தொன்றில் ஒரு பழைய விமானத்தை வாங்கினான். செய்தி கேட்டதும் அவள் முதலில் கேட்டது மணிக்கணக்கைத்தான்.

"இதுவரைக்கும் எத்தனை மணி நேரம் ஓட்டியிருக்கே?"

"தொண்ணூறு."

அவள் தலையாட்டினாள்.

"எதுக்குத் தலையாட்டறே?"

"சும்மாதான்."

தன்னம்பிக்கை வந்து, அனுபவம் இன்னும் வராத மணிக்கணக்கு அது. அறிக்கைகளில் அடிக்கடி வரும் எண்.

அடுத்த வருடம் அண்ணியின் அப்பா காலமானார். தையல்காரர். அவர் இருந்த வீட்டைக் காலி செய்ய ஆள் வேண்டியிருந்தது. பஸ்ஸில் ஏழு மணி நேரம், விமானத்தில் ஒன்றரை மணி. அண்ணன், அண்ணி, அவள், அவளுடைய கணவர் என்று நாலு பேரும் சனிக்கிழமை காலை கிளம்பினார்கள். அவள் பின்னிருக்கையில் உட்கார்ந்து வழி முழுக்கக் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்ட சாட்சியால் ஆய்வாளருக்குப் பயனில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. வயல்கள் அழகாக இருந்தன. அதையும் அவள் ஒப்புக்கொண்டாள்.

ஞாயிறு மதியம் திரும்பும்போது அண்ணி தன் அப்பாவின் தையல் மெஷினையும் கொண்டுவந்திருந்தாள். கால்பகுதியைக் கழற்றித் தனியாகக் கட்டியிருந்தது. எல்லாம் இரும்பு. அவள் கணவர் கணக்கு வாத்தியார். ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்தார்.

"மச்சான், டாங்கை நிரப்பினா முப்பத்திநாலு கிலோ அதிகமா வருது."

"அப்ப நிரப்ப வேண்டாம். இருக்கிறதே ரெண்டு மணி நேரத்துக்குக் காணும். வழி ஒன்றரை மணிதானே" என்றான் அண்ணன்.

விமானம் நின்ற திடலின் ஓரத்தில் காற்றின் திசை காட்டும் துணிக்குழாய் விறைத்துக்கொண்டு நின்றது. அவர்கள் போக வேண்டிய பக்கமிருந்துதான் காற்று வந்தது.

"அண்ணா, காத்து எதிர்ல அடிக்குது."

"மேல போனா குறைஞ்சிடும்."

மேலே போகப் போகக் காற்று கூடும் என்று அவள் எத்தனையோ அறிக்கைகளில் அடித்திருந்தாள். "நாளைக்குப் போனா என்ன?" என்றாள்.

"நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு ஒருத்தருக்கு வேர் சிகிச்சை இருக்கு."

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நான் பஸ்ல வர்றேன்."

அண்ணன் முகம் சுண்டிப்போனது. "இருபத்திரண்டு வருஷமா விழுந்ததைப் பத்தியே டைப் அடிச்சா இப்படித்தான். விழாம போய்ச் சேர்ந்ததைப் பத்தி யாராவது உனக்கு எழுதிக் குடுத்தாங்களா?"

யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. அது நியாயமான கேள்விதான். கணவர் கவரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தன் பையையும் இறக்கினார்.

"அப்ப அந்த மெஷினையும் நீங்களே தூக்கிட்டு வாங்க" என்றான் அண்ணன்.

"அண்ணி, நீங்களும் எங்களோட வந்துடுங்களேன்."

"அவரைத் தனியா விட்டுட்டு எப்படிம்மா வர்றது" என்று முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்ட அண்ணி மடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

இரண்டு பேரும் மெஷினும் இறங்கியதும் விமானம் இறகாகிவிட்டது. இரண்டு டாங்கையும் விளிம்பு வரை நிரப்பலாம். பம்ப் நாற்பதடி தள்ளி இருந்தது. பம்ப்காரர் சாப்பிடப் போயிருந்தார். அரை மணியில் வந்துவிடுவார். 'இப்ப பெட்ரோல் போட்டுக்கோ' என்ற வாக்கியம் அவள் நாக்கு நுனி வரை வந்தது. எல்லாம் தெரிந்தவன்தானே, அவனுக்கு நான் ஏன் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். சொல்லவில்லை. விமானம் கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பஸ்ஸில் மெஷினின் தலை கணவர் மடியில் இருந்தது. கால்பகுதி இருக்கைகளுக்கு நடுவே கிடந்தது. ஏறியவர் இறங்கியவர் எல்லாரும் ஒருமுறை இடித்துக்கொண்டு போனார்கள். நாலு மணிக்குப் போன் வந்தது. ஊருக்கு ஒன்பது கிலோமீட்டர் முன்னால், அறுத்து முடித்த வயலில் அண்ணன் இறங்கியிருந்தான். விமானத்தின் முன்சக்கரம் முறிந்து மூக்கு மண்ணில் குத்திவிட்டது. அண்ணிக்கு இடது மணிக்கட்டு முறிவு. அண்ணனுக்கு நெற்றியில் ஆறு தையல். டாங்கில் ஒரு டம்ளர் பெட்ரோல் இருந்தது. வேர் சிகிச்சைக்கு வந்தவர் மறுநாள் வலி மாத்திரையோடு வீட்டுக்குப் போனார்.

தலைமை ஆய்வாளர் அவளைக் கூப்பிட்டார். "உங்க அண்ணன் கேஸ். வேற ஆளை வெச்சு அடிச்சுக்கலாம்."

"வேற ஆள் யாரு சார் இருக்காங்க?"

அவர் யோசித்துப் பார்த்தார். யாரும் இல்லை. "சாட்சியும் நீங்கதானே" என்று காகிதத்தை எடுத்துக்கொண்டார். "ஏறாததுக்கு என்ன காரணம்?"

"பாரம், பெட்ரோல், எதிர்காத்து, திங்கட்கிழமை."

அவர் அதே வரிசையில் எழுதிக்கொண்டார். "நீங்க இறங்கினதுக்கு அப்புறம் நிரப்ப இடம் இருந்ததா?"

"இருந்தது."

"சொன்னீங்களா?"

"இல்லை சார்."

"ஏன்?"

"கோபம்."

பேனா நின்றது. "அதைப் போடணுமா?"

"மத்தவங்க சொன்னதை எல்லாம் போடறோமே சார்."

அன்று மதியம் தன்னுடைய வாக்குமூலத்தைத் தானே அடித்தாள். முதலில் 'பயணி மனவருத்தத்தில் இருந்தார்' என்று அடித்துப் பார்த்தாள். யாரோ வேறு ஒருத்தி செய்ததுபோல் இருந்தது. அழித்துவிட்டு 'கோபத்தில் சொல்லவில்லை' என்று போட்டாள். அடுத்த பத்திக்குப் போனாள்.

அந்த வாரமே அண்ணன் நெற்றிக் கட்டோடு வீட்டுக்கு வந்தான். டீயை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்தான்.

"எதிர்பாராத எதிர்காத்துன்னு ஒரு வார்த்தை சேர்த்தா என்ன ஆயிடும்?"

"நான் எழுதறதில்லை. டைப்தான் அடிக்கிறேன்."

"ஒரே ஒரு வார்த்தைதானே கேக்கறேன்."

"நான்தான் எதிர்ல அடிக்குதுன்னு சொன்னேனே அண்ணா. அப்புறம் அது எப்படி எதிர்பாராதது?"

அண்ணன் டீயைக் குடித்து முடித்தான். டம்ளரை அவனே கழுவி வைத்துவிட்டுப் போனான். அவனுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவன் டம்ளர் கழுவி அவள் பார்த்ததில்லை.

அறிக்கை வெளியான பிறகு அண்ணி வந்தாள், கையில் மாவுக்கட்டோடு. அவளுடைய வாக்குமூலம் இருந்த பக்கத்தைப் படித்திருந்தாள். கூடத்தில் ஓரமாக வைத்திருந்த தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, நல்ல கையால் சக்கரத்தை இப்படியும் அப்படியும் சுற்றினாள்.

"நீ பெட்ரோல் போடச் சொல்லியிருந்தாலும் அவர் போட்டிருக்க மாட்டார்."

"தெரியும் அண்ணி."

"ஆனா நான் கேட்டிருப்பேன். போட்டாத்தான் வருவேன்னு இறங்கி நின்னிருப்பேன். எனக்குப் பாரமும் தெரியாது, பெட்ரோலும் தெரியாது. உன் வாயைத்தான் பார்த்துட்டிருந்தேன்."

அண்ணனிடம் சொல்லிப் பயனில்லை என்று அவள் ஆயிரம் தடவை தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே இன்னொருத்தி உட்கார்ந்திருந்ததை அந்தக் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. "தப்புதான் அண்ணி" என்றாள். அண்ணி சக்கரத்தை நிறுத்தினாள். கட்டுப் பிரிக்கிற வரைக்கும் மெஷின் இங்கேயே இருக்கட்டும் என்றாள். பிறகு இருவரும் அதைத் துடைத்து எண்ணெய் போட்டார்கள், மூன்று கையால்.

அண்ணனின் லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். இப்போது மறுபடியும் ஓட்டுகிறான். கிளம்புமுன் டாங்கில் ஒரு குச்சியை விட்டுப் பார்க்கிறான். அதைத் தானே கண்டுபிடித்தது போல நோயாளிகளிடம் சொல்கிறானாம். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களால் மறுத்துப் பேச முடியாது.

அவள் தலைமை ஆய்வாளரிடம் ஒன்று கேட்டாள். விசாரணைப் படிவத்தில் நூற்றுப்பன்னிரண்டு கேள்விகள் இருந்தன. இன்னொன்று சேர்க்க வேண்டும் என்றாள். அவர் ஒரு வாரம் யோசித்தார். பிறகு சேர்த்தார்: 'புறப்படுமுன் யாராவது வேண்டாம் என்றார்களா? ஆம் எனில், யார்?'

அடுத்த ஆண்டு வந்த பதினான்கு படிவங்களில் பதினொன்றில் 'ஆம்' என்று இருந்தது. 'யார்' என்ற கட்டத்தில் பெரும்பாலும் மனைவி. இரண்டில் மெக்கானிக். ஒன்றில் மாமியார், அந்தக் காரணத்துக்காகவே கிளம்பியதாக விமானி கைப்பட எழுதியிருந்தார். ஒன்றில் மட்டும் நாய். ஏற்றப் பார்த்தபோது நாலு காலையும் ஊன்றிக்கொண்டு வர மறுத்துவிட்டதாம். வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இதை அடிக்கலாமா என்று அவள் காகிதத்தோடு தலைமை ஆய்வாளர் அறைக்குப் போய்க் கேட்டாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டு முறை படித்தார்.

"என்ன ஜாதி நாய்னு கேட்டு, அதையும் சேர்த்துப் போடுங்க" என்றார்.