காணிக்கை மேசையில் ஜப்பான் கிட்டார்

ஆவடி குவார்ட்டர்ஸ் பக்கத்துச் சர்ச்சில் கிட்டார் என்றால் அது நான்தான். என்னுடைய மரக் கிட்டாரில் விரல் வைக்கக் கற்றுக்கொண்டவன்தான் பக்கத்துக் கோவில்பதாகையிலிருந்து வரும் என் சிநேகிதன். வாரத்தில் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் கிடப்பான். அந்த வருஷம் கப்பலில் வேலை பார்த்த அவன் மாமா ஜப்பானிலிருந்து ஒரு பழைய எலெக்ட்ரிக் கிட்டார் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

"இன்னா மச்சான், எப்டி கீது?" என்று உறையைப் பிரித்தான். கிட்டாரின் உடம்பே பிறை நிலா வடிவம். பார்த்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். "யாரோ கடிச்சு வெச்ச அதிரசம் மாரி கீது" என்றேன். கிறிஸ்துமஸ் ஆராதனையில் வாசிக்க ஒரே ஒரு கிட்டாருக்குத்தான் இடம். இதைக் கண்ட பிறகு என்னை எவன் கூப்பிடுவான்?

அதற்குள் அறுப்பின் பண்டிகை வந்தது. விளைந்தது, வளர்த்தது எதையாவது காணிக்கையாகக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் மேசையில் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்குப் போகும். புதிதாகக் கைக்கு வந்ததைப் போதகர் ஜெபித்துத் தந்த பிறகே வாசிப்பது என்று சிநேகிதனுக்கு ஒரு பக்தி. மடையன், கிட்டாரைக் கொண்டுபோய் அந்த மேசையிலேயே, பூசணிக்காய்க்கும் கால் கட்டிய சேவலுக்கும் நடுவில் வைத்துவிட்டான்.

ஏலம் விட்ட மூப்பர் சேவலை முடித்துவிட்டுக் கிட்டாரைத் தூக்கினார். இவன் பதறி எழுந்தான். "ஐயா, அது காணிக்கை இல்ல. ஜெபம் பண்ண வெச்சது."

"ஆண்டவர் மேசையில வெச்சதத் திருப்பிக் கேக்கலாமா தம்பி?"

சபை சிரித்தது. அவன் முகம் செத்துப்போயிற்று. எனக்கோ வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவன்மேல் பரிதாபப்பட்டு ஒருவரும் ஏலம் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த அப்பாவின் முழங்கையை இடித்தேன். "கேளுங்கப்பா."

அப்பா கையைத் தூக்கினார். போட்டிக்கு ஆளில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். கிட்டாரை வாங்கி வந்த அப்பா என்னைத் தாண்டிப் போய் அவனிடம் கொடுத்தார். "இந்தாடே. அழாத."

ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தேன். வாசலில் கேட்டேவிட்டேன். "நான் உங்க புள்ளையா, அவன் உங்க புள்ளையா?"

அப்பா திருநெல்வேலிக்காரர், பாக்டரியில் எத்தனை வருஷம் இருந்தும் பேச்சு மாறவில்லை. "கோவப்படாதல. நீ தப்பில்லாமத்தான் வாசிக்க. ஆனா ஒன் கிட்டாருல அவன் வாசிச்சிட்டுப் போனாம்னா, மறுநா வேல செய்யும்போதும் எனக்கு அந்தப் பாட்டு வாயில வந்துகிட்டே இருக்கு. நான் என்ன செய்ய?"

கிறிஸ்துமஸ் அன்று அவன்தான் வாசித்தான். நான் பாடுகிறவர்கள் வரிசையில் நின்றேன். கிட்டார் பக்கம் திரும்பக்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.