தெசாங்கா கடையில் காணாமல் போன அறுபத்தொன்பது

எங்கள் நீஷ் நகரச் சந்தையில் தெசாங்காவின் கடைக்கு இந்தப் பக்கம் என் குடைக் கடை, அந்தப் பக்கம் ரதோயேயின் சீஸ் கடை. காலுறை ஆலையின் கம்ப்யூட்டர் அறையில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள் தெசாங்கா. ஆலையை மூடியதும் ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ், மெமரி கார்டு என்று கடை போட்டுவிட்டாள். வருகிறவர்களுக்கு எம்பி, ஜிபி ஒன்றும் தெரியாது. அவளும் அதைக் கேட்கமாட்டாள், "என்ன விசேஷம்?" என்றுதான் கேட்பாள். ஞானஸ்நானம் என்றால் பதினாறு ஜிபி. கல்யாணம் என்றால் அறுபத்துநாலு. இரண்டாம் கல்யாணமாக இருந்தால் முப்பத்திரண்டு தாராளம் என்பாள். பத்தவில்லை என்று இதுவரை ஒருத்தரும் திரும்பி வந்ததில்லை.

போன சனிக்கிழமை ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் வெலிமிர். ரதோயேயிடம் ஒரு கிலோ சீஸ் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு நேரே இவளிடம் திரும்பினார்.

"ஏம்மா, ஒரு டெராபைட்டுன்னு சொல்லித்தானே டிஸ்க்கு குடுத்தே? அப்படின்னா ஆயிரம் ஜிபி. வீட்ல சொருகிப் பாத்தா தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணுதான் காட்டுது. மிச்சம் அறுபத்தொம்பது எங்கே?"

"எங்கயும் போகல ஐயா. டிஸ்க்கு செய்றவன் ஆயிரம் ஆயிரமா கட்டுறான். கம்ப்யூட்டரு ஆயிரத்து இருபத்துநாலு வச்சுக் கட்டுது. சரக்கு ஒண்ணுதான், அளக்குற படிதான் வேற."

"நல்லாச் சொன்னா!" என்று ரதோயே குறுக்கே புகுந்தான். "என் சீஸு கிலோன்னா கிலோதான். கண்ணுக்குத் தெரியாத சரக்கு விக்கிறவளுக்குத்தான் ரெண்டு படி வேணும்."

சந்தையே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சந்தை வாசலில் சரிபார்க்கும் தராசு ஒன்று உண்டு. வாங்கியதை யாரும் அங்கே மறுபடி நிறுத்துக்கொள்ளலாம். அளவு குறைவு என்று அந்தத் தராசுக்குப் பொறுப்பான ஸ்லாவிட்சா அம்மா எழுதிவிட்டால் ஒரு வருஷத்துக்குக் கடை கிடையாது. வெலிமிர் விடுவிடுவென்று அங்கேதான் நடந்தார். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். தெசாங்காவுக்கு மடியில் ஒன்றுமில்லை, ஆனாலும் முகம் வெளுத்துப் பின்னால் ஓடினாள். நானும் ரதோயேயும் கடையைப் போட்டது போட்டபடி ஓடினோம்.

ஸ்லாவிட்சா டிஸ்க்கை வாங்கித் தராசில் வைத்தாள். நூற்றெழுபது கிராம்.

"எவ்வளவு இருக்கணும்?"

"ஆயிரம்," என்றார் வெலிமிர்.

"அடேயப்பா, பகல் கொள்ளையால்ல இருக்கு!" என்று பேனாவைத் திறந்தாள்.

"அம்மா, எழுதிடாதீங்க!" என்று தெசாங்கா அவள் கையைப் பிடித்தாள். "ஐயா கையாலயே கணக்குப் போடட்டும். ஒரு டெராபைட்டுன்னா லட்சம் கோடி பைட்டு. அதை ஆயிரத்து இருபத்துநாலால மூணு தடவை வகுக்கச் சொல்லுங்க. தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணுக்குக் கூடக் குறைய வந்தா நானே கடையைக் காலி பண்றேன்."

அங்கிருந்த கால்குலேட்டரில் எட்டு எண்ணுக்கு மேல் நுழையவில்லை. வெலிமிர் அதை ஒதுக்கிவிட்டு, பையிலிருந்த சீஸ் பொட்டலத்தின் வெளித்தாளைப் பிரித்தெடுத்தார். டிஸ்க்கை நகர்த்திவிட்டு, வேறு இடமில்லாமல் சீஸைத் தராசின்மேல் வைத்தார். பிறகு அந்தத் தாளில் கணக்குப் போடக் குனிந்தவர் இருபது நிமிஷம் நிமிரவில்லை. முப்பது வருஷம் தந்திக்கும் பார்சலுக்கும் கணக்குப் போட்ட கை. தெசாங்கா நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டாள்.

கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணு. மன்னிச்சுக்கம்மா. நீ சொன்னதுதான் சரி."

நான் தெசாங்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஸ்லாவிட்சா பேனாவை மூடப்போனவள், தராசைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ரதோயே, இது உன் சீஸுதானே? ஒரு கிலோவா?"

"ஒரு கிலோதாம்மா."

"தொள்ளாயிரத்து முப்பது காட்டுதே."

ரதோயே மீசையைத் தடவினான். "அது... உங்க தராசும் ஆயிரத்து இருபத்துநாலு வச்சுக் கட்டுதோ என்னவோ..."

வெலிமிர் அந்தத் தாளைத் திருப்பி அவன் முன்னால் வைத்தார்.

"இந்தப் பக்கம் காலியாத்தான் இருக்கு. கணக்கைப் போட்டுக் காட்டு."