கரையானே இல்லாத மரக்கடைக்கு வந்த விருந்தாளி

வீட்டு வாசலுக்கு நிலை வாங்க இன்று சமயநல்லூர்ப் பக்கம் ஒரு மரக்கடைக்குப் போயிருந்தேன்.

"கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்கண்ணே. நம்ம கடையில கரையான்ங்கிற பேச்சுக்கே இடமில்ல" என்றார் கடைக்காரர். சொல்லிக்கொண்டே ஓரமாகக் கிடந்த பலகையைப் புரட்டினார்.

அடியில் பலாப்பழம் போலச் சுருண்டு கிடந்தது ஓர் எறும்புத்தின்னி.

வனத்துறைக்கு நான்தான் போன் போட்டேன். வனக்காவலர் வந்து சேர்வதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

"சார், ஒரே ஒரு செதிலு குடுங்க. மோதிரத்துல வச்சுக்கிறேன்" என்றார் ஒருவர்.

"செதிலு கையில இருந்தாலே கேஸுண்ணே. சட்டத்துல புலிக்கு என்ன மரியாதையோ அதேதான் இதுக்கும்" என்றார் வந்து சேர்ந்த வனக்காவலர்.

கேட்டவர், அது அந்த நிமிடமே புலியாகிவிட்டதைப் போலப் பின்வாங்கினார்.

"கடிக்குமா சார்?"

"பல்லே கிடையாது. எறும்பும் கரையானும்தான் திங்கும். இது இல்லேன்னா தோட்டம், தொரவு எல்லாத்தையும் கரையான் அரிச்சுப்புடும்."

கடைக்காரர் முகம் மலர்ந்தது. "அப்ப இங்கேயே விட்டுட்டுப் போங்க சார். ராத்திரி வாட்ச்மேன் மாதிரி இருந்துட்டுப் போகட்டும்."

"அது இங்க இருந்தா நீங்க ஜெயில்ல இருப்பீங்க."

எறும்புத்தின்னி கூண்டோடு ஜீப்பில் ஏறியது. நான் கடைக்காரரிடம் திரும்பினேன்.

"கரையானே இல்லன்னீங்க. அப்புறம் அது எதுக்குண்ணே இங்க வந்துச்சு?"

மனிதர் அசரவில்லை. "காட்டுல வளர்ந்த ஜீவன்ணே. நல்ல தேக்கு எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியாதா?"

வெறுங்கையோடு திரும்பிவிட்டேன். மதுரை மக்களே, எறும்புத்தின்னி எட்டிக்கூடப் பார்க்காத மரக்கடை ஏதாவது தெரிந்தால் கீழே சொல்லுங்கள்.