சோறு போட ரெண்டு வீடு

போன மாதம் என்னை ஒரு நாய் கடித்துவிட்டது.

உங்களில் சிலர் சிரிப்பது இங்கே கேட்கிறது. வாரா வாரம் இந்தப் பக்கத்தில் யாரையாவது கடித்துக்கொண்டிருப்பவள்தானே, ஒரு தடவை கடிபட்டால் என்ன என்று! சிரியுங்கள். கெண்டைக்காலில் நாலு பல் பதிந்து பார்த்தால் தெரியும்.

கடித்தது தெரு நாய் இல்லை. சொந்தக்கார நாய். குத்தாலம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் பெரியப்பா வீட்டு நாய்.

பெரியப்பாவுக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் பெருமாள் அண்ணன், இளையவர் மூர்த்தி அண்ணன். அடுத்தடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் பின்னால் பொதுவாக ஒரு கொல்லை. எட்டுத் தென்னை, ஒரு அடிபம்பு, ஒரு வைக்கோல்போர். வயலையெல்லாம் வரப்பு வரப்பாகப் பிரித்து எழுதி வைத்த பெரியப்பா, இந்தக் கொல்லையை மட்டும் எழுத மறந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

அப்புறம் என்ன... கேஸ்தான். பன்னிரண்டு வருஷமாக நடக்கிறது. அண்ணன் ஒரு கழகம், தம்பி இன்னொரு கழகம். கேஸ் போட்ட பிறகு கோட்டையில் ஆட்சி மாறியது, திரும்பவும் மாறியது. கோர்ட்டில் வாய்தா தேதி மட்டும்தான் மாறுகிறது. அண்ணன் தம்பிக்குள் பேச்சு கிடையாது. நான் நடுநிலை. அதாவது, இந்த வீட்டில் ஒரு டம்ளர் காபி குடித்தால் அந்த வீட்டிலும் ஒரு டம்ளர் குடித்தாக வேண்டும்.

நாய் வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். ஒரு ஐப்பசி மழையில் எங்கிருந்தோ நனைந்துகொண்டு வந்த குட்டி, வைக்கோல்போருக்கு அடியில் படுத்தது. படுத்ததுதான், அப்புறம் கிளம்பவே இல்லை. பெருமாள் அண்ணன் வீட்டில் அதற்கு மணி என்று பேர். மூர்த்தி அண்ணன் வீட்டில் டைகர். எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் ஓடி வரும். வராமல் என்ன? இரண்டு பக்கமும் தட்டு!

என் மகன் புதுவீடு கட்டியிருக்கிறான். கிரகப்பிரவேசப் பத்திரிகை கொடுக்கப் போயிருந்தேன். மூத்தவர் வீட்டில் முதல் காபியை முடித்துவிட்டு, இரண்டாவது காபிக்காகக் கொல்லை வழியாக அடுத்த வீட்டுக்கு நடந்தேன். வழியில் நாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தெரிந்த நாய்தானே என்று தட்டைக் காலால் ஓரமாகத் தள்ளினேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நம் தட்டை ஒருவர் காலால் தள்ளினால் நாம் சும்மா இருப்போமா? அதுவும் இருக்கவில்லை. தப்பு என் பேரில்தான். கோர்ட்டிலும் சொல்வேன்.

நான் போட்ட சத்தத்தில் ஒரு அண்ணி மஞ்சள்தூளோடு ஓடி வந்தார். இன்னொரு அண்ணி காபித்தூளோடு ஓடி வந்தார். இரண்டும் வேண்டாம், சோப்பு கொடுங்கள் என்று கத்தினேன். அடிபம்பில் ஒரு அண்ணி அடிக்க, இன்னொரு அண்ணி சோப்பு போட, கால் மணி நேரம் காலைக் கழுவினோம். கழுவி முடித்துவிட்டுத்தான் கேட்டேன்.

“நாய்க்கு ஊசி போட்டிருக்கா?”

பெருமாள் அண்ணன் தென்னை மரத்தைப் பார்த்தார். “அந்த வீட்டுல போட்டிருப்பாங்கம்மா.”

மூர்த்தி அண்ணன் வைக்கோல்போரைப் பார்த்தார். “அவங்கதான் போட்டிருக்கணும்.”

மூன்று வருஷமாக ஒரு நாய்க்குச் சோறு போட ரெண்டு வீடு இருக்கிறது. ஊசி போட ஒரு வீடு இல்லை!

ஏன் போடவில்லை? சண்டை போட்டுத்தான் அந்தப் பதிலைப் பிடுங்க வேண்டியிருந்தது. மாட்டாஸ்பத்திரியில் ஊசிக் கார்டு போடும்போது உரிமையாளர் பேர் கேட்பார்கள், கையெழுத்து வாங்குவார்கள். நாய் இருப்பதோ வழக்கில் இருக்கும் கொல்லையில். “தாவா முடியற வரைக்கும் கொல்லை சம்பந்தமா ஒரு காகிதத்துலயும் கையெழுத்துப் போடாதீங்க” என்று இரண்டு பக்கத்து வக்கீலும் சொல்லி வைத்திருக்கிறார்கள். இரண்டு பேருமே தென்னை மரத்தை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார்கள், பாவம். நாய் அவர்கள் நினைப்பிலேயே இருந்திருக்காது.

அரசு ஆஸ்பத்திரியில் எனக்கு முதல் ஊசி போட்டார்கள். “நாயைப் பத்து நாள் கண்ணுல வச்சிருங்க. அது நல்லா இருந்துச்சுன்னா பயமில்ல. மத்த ஊசியை விட்டுடாதீங்க” என்றார் டாக்டர்.

திரும்பி வந்தால், பெருமாள் அண்ணன் கையில் சாக்கு.

“வீட்டுக்கு வந்த பொண்ணைக் கடிச்சுப்புடுச்சு. எனக்கு மானம் போவுதும்மா. சாக்குல போட்டு ஆத்துக்கு அந்தாண்ட விட்டுட்டு வந்துடுறேன்.”

“அண்ணே! அது போயிடுச்சுன்னா அதுக்கு வெறி இருந்துச்சா இல்லையான்னு நான் யாருகிட்ட போய்க் கேப்பேன்? அதைக் கட்டிப்போட்டு நல்லா பாத்துக்குங்க. என் உயிரு அதுகிட்ட இருக்கு!”

பட்டென்று சாக்கைக் கீழே போட்டார். தென்னை மரத்தில் நாயைக் கட்டினார்கள். எந்த மரத்தில்? அதற்கும் கால் மணி நேரம். கடைசியில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்ற மரத்தில்.

நான் தஞ்சாவூர் வந்துவிட்டேன். பயந்தேன். மறைப்பானேன், நன்றாகவே பயந்தேன். ஒவ்வொரு தடவை டம்ளரில் தண்ணீர் எடுக்கும்போதும், எனக்குத் தண்ணீர் பிடிக்கிறதா என்று பரிசோதித்துக்கொண்டேன். ஊசிதான் போட்டாயிற்றே என்று என் வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல, இன்னும் இரண்டு டம்ளர் குடித்தேன்.

தினமும் இரண்டு போன் போடுவேன். மூத்த அண்ணி சொல்வார்: “மணி சூப்பரா இருக்கும்மா. ஆறு இட்லி தின்னுச்சு.” இளைய அண்ணி சொல்வார்: “டைகருக்கு என்னம்மா குறை? விரால் மீன் குழம்பு ஊத்திப் பெசஞ்சு வச்சேன், தட்டை நக்கிடுச்சு.” மறுநாள் கறி. அதற்கு மறுநாள் பாலில் ரொட்டி, கூடவே முட்டை. கேட்கக் கேட்க எனக்குத் தெம்பு. சாப்பிடுகிற நாய்க்கு என்ன வந்துவிடப் போகிறது?

ஆறாம் நாள் காலை மூத்த அண்ணியின் குரல் இறங்கியிருந்தது. “மணி இன்னைக்கு ஒண்ணும் தொடலம்மா. வாயில எச்சில் ஊத்துது.”

அடுத்த நம்பரைப் போட்டேன். “டைகர் படுத்தே கெடக்குதும்மா” என்றார் இளைய அண்ணி. அழுதுகொண்டே சொன்னார்.

அடுத்த ரயிலைப் பிடித்தேன். கும்பகோணம் தாண்டும் வரை என் மகனின் கிரகப்பிரவேசத்தில் நான் இருப்பேனா என்றுதான் யோசனை. கும்பகோணம் தாண்டியதும், அந்த நாய் இருக்குமா என்ற யோசனையும் சேர்ந்துகொண்டது. ஏன் என்று தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது.

மூர்த்தி அண்ணனிடம் ஒரு லோடு ஆட்டோ இருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்தார். கையில் கோணி சுற்றிக்கொண்டு, வாயைத் துணியால் கட்டிய நாயைப் பிடித்தபடி, பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தார் பெருமாள் அண்ணன். பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறையாக இருவரும் ஒரே வண்டியில். அப்போதும் பேச்சு இல்லை. நான் முன்னால் ஏறிக்கொண்டேன்.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா கையுறை போட்டுக்கொண்டு தள்ளி நின்று பார்த்தார். வாய்க்கட்டை அவிழ்க்கச் சொல்லித் தண்ணீர் வைத்தார். நாய் நக்கி நக்கிக் குடித்தது. நடக்க விட்டார். நடந்தது. வயிற்றைத் தடவினார். முகத்தில் ஒரு சந்தேகம்.

“நேத்து என்ன சாப்பிட்டுச்சு?”

“காலைல இட்லி. மத்தியானம் தயிர்சாதம். ராத்திரி கறிச்சோறு” என்றார் பெருமாள் அண்ணன்.

மூர்த்தி அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “காலைல பாலும் ரொட்டியும். மத்தியானம் மீனு. அப்புறம் ராத்திரி... கோழி ஈரல்.”

“அஞ்சு நாளா இப்படித்தானா?”

இருவரும் தலையாட்டினார்கள். தங்கச்சி பயந்து கிடக்கிறாளே, நாய் நன்றாகச் சாப்பிட்டது என்று போனில் சொல்லி அவளுக்குத் தைரியம் கொடுக்க வேண்டுமே என்று ஆளுக்கொரு பக்கம் ஊட்டித் தள்ளியிருக்கிறார்கள். கட்டிப்போட்ட நாய், ஓட வழியில்லை, நடக்க வழியில்லை. தட்டு மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது!

“இன்னும் நாலு நாள் பாக்கணும். ஆனா எனக்கு இது வெறி மாதிரி தெரியல” என்றார் டாக்டரம்மா. “திங்கக் குடுத்தே கொன்னுருப்பீங்க. இன்னைக்குத் தண்ணி மட்டும் வைங்க. காலைல, சாயந்திரம் கயிறோட கொஞ்ச நேரம் நடத்துங்க.”

எனக்கு அங்கேயே உட்கார வேண்டும்போல இருந்தது. உட்கார்ந்தும் விட்டேன்.

டாக்டரம்மா சீட்டை எடுத்துக்கொண்டு நாயை இன்னொரு முறை பார்த்தார். “இந்தக் காது கிழிஞ்ச நாய்... இது எனக்குத் தெரிஞ்ச நாயாச்சே! ரெண்டு வருஷம் முன்னாடி ஊசி போடணும்னு ஒருத்தரு கூட்டிட்டு வந்தாரு, பேரு மணின்னாரு. அடுத்த மாசமே இன்னொருத்தரு கூட்டிட்டு வந்தாரு, டைகர்ன்னாரு. ஓனர் கையெழுத்துப் போடுங்கன்னதும் ரெண்டு பேருமே நாயை இழுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. நீங்க ரெண்டு பேருதானே அது?”

பெருமாள் அண்ணன் மெதுவாகத் திரும்பினார்.

“நீ எப்படா கூட்டிட்டு வந்தே?”

“தை மாசம்... அறுப்பு முடிஞ்சதும். நீங்களும் வந்தீங்களாண்ணே?”

“மார்கழில வந்தேன்டா.”

அவ்வளவுதான். பெருமாள் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சரி, இப்பவாவது ஓனர் பேரைச் சொல்லுங்க” என்றார் டாக்டரம்மா.

“அவன் பேரைப் போடுங்க” என்றார் மூத்தவர்.

“அண்ணன் பேரைப் போடுங்க” என்றார் இளையவர்.

எட்டுத் தென்னைக்காகப் பன்னிரண்டு வருஷம் என்னுது, என்னுது என்று கோர்ட்டில் நின்றவர்கள்! டாக்டரம்மா பேனாவோடு என்னைப் பார்த்தார். ரெண்டு பேரையும் எழுதுங்கள் என்றேன். மூர்த்தி அண்ணன் முதலில் கையெழுத்துப் போட்டார். பெருமாள் அண்ணன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தார். வக்கீல் முகம் வந்து போயிருக்க வேண்டும். பிறகு தம்பி பேருக்குப் பக்கத்தில் பெரிதாகப் போட்டார்.

பத்து நாளும் கடந்தன. நாய் நன்றாக இருந்தது. பதினோராம் நாள் அதற்கு ஊசி போட்டார்கள். நான் கடைசி ஊசியை நேற்றுத்தான் போட்டுக்கொண்டேன். தண்ணீரை இப்போது சாதாரணமாகக் குடிக்கிறேன்.

இத்தனை நாளில் எனக்குப் புரிந்தது இதுதான். நமக்கு ஒரு பிராணியைப் பிடித்துவிட்டால் உடனே ஒரு தட்டு வைக்கத் தெரியும். பிஸ்கட் போடத் தெரியும். அதோடு கடமை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். இதற்கு நான்தான் பொறுப்பு என்று ஒரு காகிதத்தில் எழுதச் சொன்னால் மட்டும் எதிர்வீட்டைக் கை காட்டுகிறோம். சோறு போட்டவர்களை நாய் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஆனால் ஊசி எப்போது என்று அதற்கு ஞாபகம் இருக்காது. அதை நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேஸ் முடிந்துவிட்டதா என்கிறீர்களா? எங்கே! அடுத்த வாய்தா பங்குனியில். அண்ணன்களும் ஒன்றும் கட்டிப் பிடித்துக்கொள்ளவில்லை. ஆனால் டாக்டரம்மா ஒரு உத்தரவு போட்டிருக்கிறார்: ஒரு நாளைக்கு இரண்டே வேளை. காலை மூத்தவர் வீடு, சாயந்திரம் இளையவர் வீடு. அடுத்தவர் போட்டாரா என்று தெரியாமல் தட்டு வைக்கக் கூடாது.

அதனால் தினமும் பொழுது சாயும் நேரத்தில் கொல்லையில் ஒரு குரல் கேட்கிறதாம். “டேய்... நாய்க்கு வச்சியா?”

அந்தப் பக்கத்திலிருந்து பதில்: “வச்சுட்டேண்ணே.”

சரி, பேப்பரை மடித்து வையுங்கள். உங்கள் வீட்டு நாயின் கார்டு எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள்!