பதினோராவது மெத்தை

குளிர்காலம் பிறந்துவிட்டால் தெருவே அவளைத் தேடி வரும். கோட்டின் ஜிப் பிய்ந்துவிட்டது, போன வருஷத்து ஸ்வெட்டர் பிள்ளைக்குக் குட்டையாகிவிட்டது என்று ஆளுக்கொரு மூட்டை. தையலக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். முன்னறை ஜன்னலோரம் மிஷினை மிதித்து மிதித்து முழங்கால் இரண்டும் மரத்துப்போகும் நேரம் பார்த்துத்தான் விடுமுறை வரும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு விருந்தும் வந்துவிடும்.

விருந்துக்கு அழைப்பது அவள் கணவர். பஸ் ஓட்டுகிறவர். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இவர் விஷயத்தில் நெய்யும் அவளுடையது, கையும் அவளுடையது, வாய் மட்டும்தான் இவருடையது. டிப்போவில் யாரைப் பார்த்தாலும், "லீவுக்கு வேற எங்கயும் போயிடாதீங்க, நம்ம வீட்லதான் சாப்பாடு" என்று சொல்லிவிடுவார். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, "ஒரு நாலு பேருதான்" என்பார். அவர் கணக்கில் நாலு என்பது எட்டுக்கும் பத்துக்கும் நடுவே எங்கேயோ இருக்கும்.

எல்லோரும் அவளுடைய எலும்பு சூப்புக்குத்தான் வருவார்கள். விடிந்ததும் அடுப்பேற்றிவிட வேண்டும். அடுக்களை ஜன்னல் முழுக்க ஆவி படிந்து எதிர்வீடு மறைந்துபோகும். வறுத்த கோழி, உருளைக்கிழங்கு, அடுப்பிலிருந்து எடுத்த கையோடு ரொட்டி என்று அவள் மேசைக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருப்பாள். நாத்தனார் சூப்பை உறிஞ்சிக்கொண்டே, "அண்ணி கைக்குத் தங்க வளையல் போடணும்" என்பாள். வளையல் வேண்டாம், ஒரு தட்டையாவது எடுத்து வைக்கலாமே என்று அவள் நினைத்துக்கொள்வாள். எல்லோரும் எழுந்து கைகழுவிய பிறகு அவள் தன் கிண்ணத்தை எடுப்பாள். அதற்குள் சூப்பின் மேல் கொழுப்பு வெள்ளையாக உறைந்து ஆடை கட்டியிருக்கும். கரண்டியால் அதை ஒதுக்கிவிட்டு, அடுக்களை மேடையில் சாய்ந்து நின்றபடி குடித்து முடிப்பாள்.

இந்த வருஷம் அவருக்குப் புது யோசனை ஒன்று வந்தது. வீட்டு நாற்காலிகள் போதாமல் எதிர்வீட்டில் இரவல் வாங்கும் இரும்பு நாற்காலிகள் பனிக்கட்டி மாதிரி சில்லென்று இருக்கின்றன.

"எல்லா நாற்காலிக்கும் மெத்தை தைச்சுரு. பத்து போதும்."

அவள் வெட்டுத்துணிகளை மேசையில் பரப்பி, சாக்கட்டியால் கோடு போட்டாள். துணி வெட்டுகிறவளுக்கு எண்ணாமல் கத்தரி நகராது. வருகிறவர்களை மனதுக்குள் ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பார்த்தாள்.

"பதினோரு பேரு வருதுங்க."

"பத்துதான். தங்கச்சி வீட்ல நாலு. டிப்போ மேனேஜர், அவர் சம்சாரம். எதிர்வீட்டுல மூணு. அப்புறம் நான். பத்து."

"இன்னொரு தடவை எண்ணுங்க."

அவர் விரல்களை மடக்கினார். மறுபடி மடக்கினார். முகத்தில் துளி கள்ளமில்லை. பஸ்ஸில் ஆளேற்றுகிற கவனத்தோடு எண்ணினார். அவள் எதிரிலேயே, வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"யாருடி அந்தப் பதினொண்ணாவது ஆளு?"

அவள் ஊசியை வாயிலிருந்து எடுத்தாள்.

"நான்."

"அட, நீயா?" அவர் சிரித்தே விட்டார். "நீ எங்க உக்காரப் போற? ஓடியாடிக்கிட்டே இருப்பியே."

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. மறப்பதற்கு, முன்பு ஒருமுறையாவது நினைத்திருக்க வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மேசையை அவள்தான் துடைக்கிறாள், அவள்தான் விரிப்பு விரிக்கிறாள். அதில் அவளுக்கு ஓர் இடம் இல்லை என்பது இவருக்கு ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. வந்து போகிற மேனேஜர் சம்சாரத்துக்கு மெத்தை உண்டாம். மிஷின் அன்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் ஏதோ இடிக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். பத்து மெத்தை தைத்தாள். ஒன்றுகூட அதிகம் தைக்கவில்லை.

விருந்து நாளில் எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. பந்திக்கு முந்துகிறவர்கள் முந்தினார்கள். மெத்தைகளைத் தட்டிப் பார்த்து, "பலே, இது ஓட்டலுக்கு மேல இருக்கே" என்றார் மேனேஜர். அவர் மனைவியின் கோட்டை மாட்டுவதற்காகக் கணவர் உள்ளறைக்குப் போனார்.

அவள் சூப்புப் பானையை அப்படியே தூக்கிவந்து மேசை நடுவில் வைத்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். மேசைத் தலைமாட்டில் இருந்த கணவரின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கிண்ணத்தை நிறைத்துக்கொண்டாள்.

நாத்தனார்தான் மெல்ல ஆரம்பித்தாள்.

"அண்ணி... ரொட்டி?"

"அடுப்புமேல இருக்கும்மா."

"இல்ல, எடுத்துட்டு வரணுமே."

"ஆமா, எடுத்துட்டு வரணும்."

கணவர் திரும்பி வந்து மேசையை ஒரு சுற்றுப் பார்த்தார். அவரையறியாமல் விரல்கள் மடங்கின.

"நான் எங்க உக்கார்றது?"

"நீங்க எங்க உக்காரப் போறீங்க?" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல். "ஓடியாடிக்கிட்டே இருப்பீங்க. ரொட்டி கருகுது பாருங்க."

கருகல் வாசனை உண்மையிலேயே வந்தது. அவர் ஓடினார்.

அவள் முதல் கரண்டியை வாயில் வைத்தாள். ஆவி மூக்கில் ஏறியது. நாக்கு சுட்டது. கூடவே தொண்டையில் சுருக்கென்று ஒரு காரம். மிளகு அதிகம். ஆறின சூப்பில் அது தெரிவதே இல்லை.

"மிளகு தூக்கலா இருக்கே," என்றாள் சுற்றிப் பார்த்து. "எப்பவும் இப்படியா?"

"எப்பவும் கொஞ்சம் அப்படித்தான்," என்றார் எதிர்வீட்டுக்காரர். "எப்படிச் சொல்றதுன்னு..."

வளையல் போடச் சொன்னவர்களில் ஒருவருக்குக்கூட இதைச் சொல்ல வாய் வரவில்லை. கோபத்தோடு கோபமாக அவள் இன்னொரு கிண்ணமும் ஊற்றிக் குடித்தாள்.

எல்லோரும் கிளம்பிய பிறகு, கணவர் அடுக்களை மேடையருகே கிண்ணத்தோடு நின்றார். கரண்டியால் மேலாகத் தட்டிப் பார்த்தார்.

"என்னடி இது, வெள்ளையா?"

"அதுதான் என் சூப்பு. இத்தனை வருஷமா."

அவர் கரண்டியைக் கீழே வைக்கவும் இல்லை, வாய்க்குக் கொண்டுபோகவும் இல்லை. "இன்னொரு மெத்தை தைச்சுரலாமா?" என்றார்.

"தாராளமா," என்றாள் அவள், தான் குடித்த கிண்ணத்தை மட்டும் கழுவிக் கவிழ்த்தபடி. "ஊசி டப்பா மிஷின் மேல இருக்கு."