மிருகங்களுக்கு விட்ட காணி

அந்தப் படத்தை வரைந்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு வந்த கூட்டங்களில் நாங்கள் "படம் தயாரிக்கப்பட்டது", "பிரதி அனுப்பி வைக்கப்பட்டது" என்றுதான் பேசினோம். தயாரித்தது யார், அனுப்பியது யார் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

காட்டைக் காக்கிற எங்கள் அமைப்பு நம்பிக்கைப் பொறுப்பு என்று பதிவாகியிருந்தது. ஊர்ச்சனம் அதைச் சங்கம் என்றே சொல்லும். ஒட்டுசுட்டானில் ஓர் உரக்கடைக்கு மேலே வாடகை அறை, இரண்டு மேசை, ஓர் அலுமாரி, பழைய மோட்டார் சைக்கிள், ஐந்து பேர். தலைவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். அவரைச் சேர் என்று கூப்பிடுவோம். ஆட்களோடு கதைக்கிற வேலை எனக்கு. என் தாய் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரணைமடு வாய்க்கால் ஓரத்தில் குடியேறி வயல் செய்தவர்கள். ஊர்விட்டு ஊர் ஓடி, முகாமில் இருந்து திரும்பிய குடும்பம் என்பதால் ஆட்கள் என்னை வெளியாளாகப் பார்க்கமாட்டார்கள் என்று சேர் நினைத்தார். அவர் நினைத்தது சரிதான்.

நாங்கள் வேலை செய்த ஊர் ஒரு சின்னக் குளத்துக்கும் பெருங்காட்டுக்கும் நடுவே இருந்தது. வெயில் காலத்தில் யானையும் மரையும் கரடியும் தண்ணீருக்காகக் குளத்துக்கு இறங்கும். அவை இறங்குகிற வழி ஆட்களின் காணிகளின் பின்பக்கத்தால் போனது. சண்டைக்கு முன் அங்கெல்லாம் சோளமும் பயறும் போட்டிருந்தார்களாம். சனம் இல்லாத வருஷங்களில் பற்றை மூடி, பற்றைக்கு மேலே மரம் வளர்ந்து, திரும்பி வந்தபோது காணி எது காடு எது என்று தெரியாமல் இருந்ததாம். முன்பக்கத்தை மட்டும் வெட்டித் துப்புரவாக்கி வீடு போட்டிருந்தார்கள். பின்பக்கத்தை அப்படியே விடுங்கள் என்று கேட்பதுதான் எங்கள் வேலை. காணி அவர்களுடையதுதான். வெட்டாமல் விடுவதாக ஒரு கடிதத்தில் கையெழுத்து வைப்பார்கள். பதிலுக்கு நாங்கள் குளக்கட்டைத் திருத்தவும், வீடுகளைச் சுற்றி வேலி போடவும் உதவுவோம்.

எழுதும்போது இது சுலபமாக இருக்கிறது. இழந்து இழந்து வந்த சனத்திடம் போய், மிச்சமிருக்கிற காணியில் பாதியை மிருகங்களுக்கு விடுங்கள் என்று கேட்பது சுலபமில்லை. முதல் மூன்று கூட்டத்துக்கு ஏழெட்டுப் பேர்தான் வந்தார்கள். அதில் ஒருவர் எங்களுக்குப் பாய் விரித்துத் தர வந்தவர். ஒல்லியான மனிதர், வயல்காரர். பாயை விரித்துவிட்டுத் தூணோடு சாய்ந்து நின்று கேட்பார். கடைசியில் பாயைச் சுருட்டிக்கொண்டு போவார். ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

எல்லாவற்றையும் மாற்றியவர் ஓர் அக்கா. ஐம்பது வயது இருக்கும். கணவர் கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். ஒரே மகள் வவுனியாவில் கலியாணம் முடித்து இருந்தாள். காட்டை ஒட்டிய கடைசி வீடு அக்காவுடையது. முதல் நாள் நான் போனபோது கதிரையைத் துடைத்துப் போட்டுவிட்டு, தேத்தண்ணிக்குப் பதிலாக ஒரு கிண்ணத்தில் பாலைப்பழம் கொண்டுவந்து வைத்தா. சாப்பிட்டால் உதடு ஒட்டும், தண்ணி குடியுங்கோ என்று சொன்னா. பிறகு என்னை வளவின் பின்பக்கம் கூட்டிப் போனா.

அங்கே சண்டைக் காலத்தில் குண்டுக்குப் பதுங்க வெட்டிய பங்கர் பாதி இடிந்து கிடந்தது. அதன் ஒரு பக்கச் சுவரில் புதிதாக ஒரு துளை. அதற்குள் ஓர் அழுங்கு இருக்கிறது என்று அக்கா சொன்னா. செதில் உடம்போடு கறையான் தின்னுகிற அந்தப் பிராணியை நான் அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தேன். அன்றும் பார்க்கக் கிடைக்கவில்லை. துளை வாயில் அது கிண்டிப்போட்ட ஈரமண் மட்டும் கிடந்தது. மகள் வரும்போதெல்லாம் பங்கரைத் தூர்க்கச் சொல்லிக் கரைச்சல் படுத்துகிறாள் என்றும், தான் இப்போதைக்குத் தூர்க்கமாட்டேன் என்றும் அக்கா சொல்லிச் சிரித்தா.

அக்கா கையெழுத்து வைத்ததும் மற்றவர்கள் வந்தார்கள். அவாதான் வீடு வீடாகப் போய்க் கதைத்தவா. பதினொரு குடும்பம் சேர்ந்தது. ஒரு சனிக்கிழமை பொதுநோக்கு மண்டபத்தில் பெரிய கடதாசி விரித்து ஊரின் படம் வரைந்தோம். யானை இறங்குகிற வழியைப் பச்சையால் கீறினோம். தண்ணீருக்கு நீலம். பாலை மரம் நிற்கிற இடம், முதிரை நிற்கிற இடம், பெண்கள் விறகு எடுக்கிற இடம், ஒவ்வொருவருடைய காணியும் எங்கே முடிகிறது என்பது, எல்லாம் அதில் இருந்தது. ஆட்கள் சண்டைக்கு முந்திய தங்கள் வேலிகளை நினைவிலிருந்து சொன்னார்கள். பாய் விரிக்கிறவர் அன்றுதான் வாய் திறந்தார். தன் தகப்பன் நட்ட எல்லை மரம் இன்னமும் உள்ளுக்குள் நிற்கிறது என்று சொல்லி, விரலை வைத்து இடத்தைக் காட்டினார். நான் அங்கே ஒரு புள்ளி வைத்துப் பெயர் எழுதினேன். மத்தியானம் எல்லோரும் சேர்ந்து குளக்கட்டில் பொங்கினோம். நான் அந்த வேலையில் சந்தோஷமாக இருந்த நாள் அது.

புறப்படும்போது அக்கா என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டா.

"இந்தப் படம் எங்க போகும் தங்கச்சி?"

"எங்கயும் போகாதக்கா. எங்கட அலுமாரிக்குள்ளதான் இருக்கும்."

"ஒருத்தரிட்டையும் குடுக்கமாட்டியள்தானே? எங்கட காணி முழுக்க இதுக்க கிடக்கு."

"ஓமக்கா. குடுக்கமாட்டம்."

இரண்டு மாதம் கழித்துச் சேர், அந்தப் பச்சை வழியை அரசாங்கம் ஏற்றுக்கொண்டால்தான் அது நிலைக்கும் என்றார். நாளைக்கு நாங்கள் இல்லாமல் போனாலும் ஒருவரும் அதை விற்கவோ வெட்டவோ முடியாது என்பது அவருடைய எண்ணம். அதில் கள்ளம் எதுவும் இருக்கவில்லை. காடுகளுக்குப் பொறுப்பான ஒரு திணைக்களத்துக்குக் கடிதம் எழுதி, படத்தின் பிரதியையும் இணைக்கச் சொன்னார். சனத்திடம் ஒரு சொல் கேட்போமா என்று நான் கேட்டேன். பதில் வரட்டும், நல்ல செய்தியோடு போய்ச் சொல்வோம் என்றார். அத்தோடு நான் விட்டுவிட்டேன். அவர் கோபிக்கிற ஆள் இல்லை. நான் இன்னொரு தடவை சொல்லியிருந்தால் ஒருவேளை நிறுத்தியிருப்பார். அக்காவிடம் சொன்ன வார்த்தை நினைவில் இருக்கத்தான் செய்தது. சிறிய கடதாசியில் படத்தைத் துப்புரவாகத் திரும்ப வரைந்து, பெயர்களை அழகான எழுத்தில் எழுதிக் கடிதத்தோடு வைத்து ஒட்டினேன்.

பதில் கடிதம் வரவே இல்லை. அடுத்த வருஷம் பங்குனியில் அக்கா தொலைபேசி எடுத்தா. கல் போடுகிறார்கள், உடனே வாருங்கோ என்றா.

நான் போனபோது அரசாங்க வாகனம் ஒன்று நின்றது. நாலைந்து பேர் குழி வெட்டிக் கொங்கிறீட் கட்டைகளை நட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லைக் கட்டைகள். அவை எங்கள் பச்சைக் கோட்டோடு போகவில்லை. அக்காவின் குசினிக்குப் பின்னால் இருபது அடியில் ஒன்று நின்றது. மரம் நிற்கிற நிலமெல்லாம் ஒதுக்கப்பட்ட காடு, அதற்குள் ஒருவரும் போகக்கூடாது, விறகும் எடுக்கக்கூடாது என்று சொன்னார்கள். பொறுப்பாக நின்ற அதிகாரி மரியாதையான மனிதர். நான் சங்கத்து ஆள் என்று தெரிந்ததும் சிரித்துக்கொண்டு கையிலிருந்த கடதாசியைக் காட்டினார். மரம் எங்கெங்கே நிற்கிறது என்று இதில் இருந்தபடியால் தங்களுக்கு வேலை சுகமாகப் போய்விட்டது, நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் என்றார்.

அதில் இருந்தது என் எழுத்து. பாய் விரிக்கிறவருடைய தகப்பன் நட்ட மரத்துக்கு நான் வைத்த புள்ளியும் பெயரும் பிரதியில் கறுப்பாகத் தெரிந்தன.

அக்கா எனக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தா. அதன் பிறகு அன்று முழுக்க அவா என்னோடு கதைக்கவில்லை.

நாங்கள் ஓடித் திரிந்தோம். கடிதம் எழுதினோம், செயலகத்தில் கூட்டம் கேட்டோம். காணி உங்களுடையது என்றால் உறுதிப் பத்திரத்தைக் கொண்டு வாருங்கள், அனுமதிப்பத்திரத்தைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். பதினொரு குடும்பத்தில் இரண்டு குடும்பத்திடம்தான் கடதாசி இருந்தது. மற்றவர்களுடையது ஓடிய வழியில் எங்கேயோ போய்விட்டது. சேர் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். அவருடைய முகம் அந்த மாதங்களில் வற்றிப்போனது. தான் ஒரு நில அளவையாளர், தனக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று ஒருநாள் பஸ்ஸில் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டை நடுகிற வேலை இடையில் நின்றது. மிச்சக் காணிகளுக்கு மழைக்குப் பிறகு வருவார்கள் என்று கதை அடிபட்டது. அந்த இடைவெளியில்தான் சனம் காட்டை வெட்டத் தொடங்கியது. மண் தோண்டுகிற பெக்கோ இயந்திரம் இரண்டு வாடகைக்கு வந்தது. செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது பாதி முடிந்திருந்தது. பாலை பழுக்கிற காலம். விழுத்திய மரங்களிலிருந்து பழங்கள் மஞ்சளாகத் தரையில் சிதறி, பெக்கோவின் சக்கரத்தில் நசிந்து, ஊர் முழுக்க இனிப்பு மணம். அக்காவின் வளவுக்குப் பின்னால் வெட்டவெளி. பங்கர் இருந்த இடம் மட்டமாகக் கிடந்தது.

அக்கா கதிரையைத் துடைத்து எனக்குப் போட்டா. தான் படியில் இருந்தா.

"ஏனக்கா இப்பிடி?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"மரம் நிண்டால் காடு எண்டுறாங்கள் தங்கச்சி. மரம் இல்லாட்டித்தான் அது என்ர காணி. வேற நான் என்ன செய்ய?" குரலில் கோபமே இல்லை. "உங்கட கடிதத்தில நான்தான் முதல் கையெழுத்து. அதால நான்தான் முதல் வெட்டினனான். இல்லாட்டிச் சனம் என்னை என்னெண்டு நினைக்கும்?"

அழுங்கைப் பற்றிக் கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அவா தந்த தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, வாறன் அக்கா என்று சொல்லிப் புறப்பட்டேன். அவா தலையை ஆட்டினா.

அந்த வருஷமும் யானைகள் வந்தன. வழமையான வழியால்தான் வந்தன. மறைவு ஒன்றும் இல்லாத வெளியில், புதிதாக நட்ட மரவள்ளிக்கும் வாழைக்கும் நடுவே அவை நின்றன. சனம் வெடி கொளுத்தித் துரத்தியது. துரத்தத் துரத்த அவை வீடுகளுக்குள்ளால் ஓடின. ஒரு விடியற்காலை வயலுக்குச் சைக்கிளில் போன மனிதரை ஒரு யானை அடித்துவிட்டது. எங்கள் கூட்டங்களுக்குப் பாய் விரித்தவர் அவர்தான்.

செத்தவீட்டுக்குப் போகவேண்டாம், சனம் ஏதாவது செய்துவிடும் என்று சேர் சொன்னார். நான் போனேன். யாராவது என்னை ஏசட்டும் என்று நினைத்துத்தான் போனேன். ஒருவரும் ஏசவில்லை. அவருடைய மனைவி என் கையைப் பிடித்து அழுதா. ஒரு பிளாஸ்டிக் கதிரை தந்து, சோடா தந்தார்கள். அக்காவும் அங்கே இருந்தா. மகளோடு வவுனியாவுக்குப் போகப்போகிறேன், இனி இங்கே தனியாக இருக்கேலாது என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னது எனக்குக் கேட்டது. என்னிடம் அதை அவா சொல்லவில்லை.

அடுத்த மாரியோடு எங்களுக்கு உதவி தந்துகொண்டிருந்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். வாடகை அறையைக் கொடுத்துவிட்டோம். மேசைகளைப் பாலர் பாடசாலைக்குக் கொடுத்தோம். பெரிய கடதாசியில் வரைந்த முதல் படத்தை என்ன செய்வதென்று சேர் கேட்டார். நான் வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் வைத்தேன். மை போட்ட கடதாசி, நன்றாக எரியவில்லை. அக்காவின் காணியில் இப்போது வீதிக்குப் போடுகிற கிரவல் மண் கிண்டுகிறார்களாம். யார் கிண்டுகிறார்கள், யார் விட்டார்கள் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. எல்லைக் கட்டைகள் அப்படியே நிற்கின்றன. டிப்பர் லொறிகள் அவற்றைச் சுற்றிப் போய் வருகின்றன.

நான் இப்போது கிளிநொச்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். போன வைகாசியில் அறிமுகமில்லாத ஒரு பிள்ளை தொலைபேசி எடுத்தாள். நாயாற்றுப் பக்கம் களப்போடு, உப்புத் தண்ணீரில் வளர்கிற கண்டல் காட்டைக் காக்கிற ஒரு புது அமைப்பில் வேலை செய்கிறாளாம். மீன்பிடிக் குடும்பங்களோடு சேர்ந்து படம் வரையப் போகிறார்களாம். எப்படித் தொடங்குவது என்று கேட்டாள். குரலில் அவ்வளவு ஆசை இருந்தது. பெயர்களை எழுதவேண்டாம் தங்கச்சி, யாருடைய இடம் எது என்று எழுதவேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். சொல்லத் தொடங்கினேன். இரண்டு மூன்று நிமிஷம் கேட்டாள். பிறகு, அதெல்லாம் எழுதினால்தான் திட்டத்தை ஏற்பார்கள் அக்கா, ஆனால் நாங்கள் ஒருத்தரிட்டையும் குடுக்கமாட்டம் என்றாள்.

ஒரு கிழமை கழித்துப் புகைப்படம் ஒன்று அனுப்பியிருந்தாள். பெண்கள் பாயில் வட்டமாக இருந்து ஒரு பெரிய கடதாசிக்கு மேலே குனிந்திருந்தார்கள். ஒருத்தி வாய் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். நெடுநேரம் பார்த்தேன். கடைசியில் "நல்லா இருக்கு" என்று எழுதி அனுப்பினேன்.